இரண்டு எழுபத்து மூன்றுகள்

அத்தியாயம் 14

போன வாரம் சின்னவளைக் கைதட்டல்களுக்கு நடுவே விட்டுவிட்டு வந்தோம். அந்தச் சத்தம் அடங்கி முழுசாக இரண்டு நாள்கூட ஆகவில்லை. திங்கட்கிழமை காலை பத்தேகாலுக்கு அவளுடைய கைபேசி அடித்தது.

கூப்பிட்டது மாமியார். மருமகளை வேலை நேரத்தில் தொந்தரவு செய்யக் கூடாது என்பதில் அந்த அம்மாள் வெகு கறார். அவர் பெயரைத் திரையில் பார்த்ததுமே சின்னவள் மறு மணிக்குக் காத்திராமல் எடுத்தாள்.

"எங்க இருக்கே?"

"ஆபீஸ்ல, அத்தை."

"உக்காந்துக்கோ. உக்காந்துட்டியா? குளிச்சிட்டு வந்து சட்டைக்குப் பட்டன் போட்டுட்டு இருந்தான். தலையைப் புடிச்சான். அப்படியே சுவரோட சாஞ்சுட்டான். உங்க ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு வந்திருக்கோம். கண்ணைத் திறக்க மாட்டேங்கிறான்."

அவளுடைய கணவர் நில அளவையாளர். சர்வேயர் என்றுதான் வீட்டில் எல்லோரும் கூப்பிடுவார்கள், அவள் உட்பட. ஒரு புறவழிச்சாலையை அளக்கத் தன் சொந்த ஊருக்குப் போனவர், லாட்ஜ் வேண்டாம் என்று அம்மா வீட்டில் தங்கியிருந்தார். ரயிலில் போனால் பதினான்கு மணி நேரம். விமானம் மாலை ஆறு மணிக்குத்தான்.

கைபேசி ஒரு டாக்டரிடம் போனது. பெண் குரல். அவசரத்திலும் நிதானமாகப் பேசினார்.

"ஒன்பது வருஷம் முன்னாடி இவருக்குத் தலையில ஆபரேஷன் ஆயிருக்கா?"

"ஆமாம் டாக்டர். ஒரு ரத்தக் குழாய் வீங்கிடுச்சுன்னு கிளிப் போட்டாங்க. இங்க, எங்க பழைய ஆஸ்பத்திரியிலதான்."

"மறுபடியும் ரத்தம் கசியுது. எங்கேருந்துன்னு தெரியலை. ஸ்கேன் எடுத்தாச்சு, ஆனா கிளிப் இருக்கிற இடம் முழுக்க வெள்ளையா அடிக்குது, பக்கத்துல ஒண்ணும் தெரியலை. காந்த ஸ்கேன்ல, அதான் எம்.ஆர்.ஐ.ல, வெச்சா தெரியும். ஆனா சில சமயம் பழைய வகைக் கிளிப்பையே போட்டிருப்பாங்க, அதைக் காந்தம் இழுக்கும். இழுத்தா உள்ளேயே கிழிச்சுடும். அது எந்த வகைன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

"யாருக்கும் ஞாபகம் இல்லையே டாக்டர்."

"ஞாபகம் வேண்டாம், ரெக்கார்டு வேணும். பழைய ஆபரேஷன் குறிப்பு, பழைய படங்கள். ரெண்டும் சிஸ்டம்ல இருக்குன்னு காட்டுது, திறந்தா வர மாட்டேங்குது. நாலு மணி வரைக்கும் பார்ப்பேன். அதுக்கு மேல அவர் தாங்க மாட்டார். தெரியாமலே ஏதாவது ஒண்ணு செஞ்சுதான் ஆகணும்."

நாலு மணி. சின்னவள் அதை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டாள், மறந்துவிடுவாளோ என்பதுபோல.

*

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்தப் படங்கள் வராமல் போனதற்குக் காரணம் எதுவாக இருந்தாலும் அது சின்னவளின் கை பட்ட இடத்தில்தான் இருந்தது.

ஐந்து ஆஸ்பத்திரிகள் கொண்ட நிறுவனம் அது. போன வாரம்வரை அதன் கணினிப் பதிவுகள் எல்லாமே பழைய ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருந்த ஒரே அறைக்குள் இருந்தன. சொந்த சர்வர்கள், சொந்தக் குளிர்சாதனம், சொந்தத் தூசு. அங்கே தண்ணீர் புகுந்தாலோ தீப்பிடித்தாலோ ஐந்து ஆஸ்பத்திரிகளும் குருடாகிவிடும். அதனால் கிளவுடுக்குப் போவது என்று முடிவானது. மேகம் என்று என்னவோ அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள், உண்மையில் அது வேறொருவருடைய பெரிய கட்டடம். அப்படி இரண்டு கட்டடங்கள், கிழக்கு மண்டலம் ஒன்று, மேற்கு மண்டலம் ஒன்று. ஒன்று விழுந்தால் இன்னொன்று தாங்கும்.

அடித்தள அறையிலிருந்து கிழக்குக்குத் தரவு போக இரண்டு தனித் தடங்கள் போட்டு, கிழக்கிலிருந்து மேற்குக்குப் பாலம் கட்டி, மூன்றையும் ஒரே வீடு மாதிரி ஆக்கியவள் சின்னவள். எட்டு மாத உழைப்பு. சனிக்கிழமை அன்று டாக்டர்கள் படம் பார்க்கும் மென்பொருள் முழுவதும் அடித்தளத்திலிருந்து மேற்கு மண்டலத்துக்குக் குடிபோனது. கிழக்கில் அதற்கு ஒரு நகல் அடுத்த மாதம்தான் வரும். அடித்தளத்தில் மிச்சம் இருப்பது வெறும் கிடங்கு. காகிதக் கோப்புகளையோ மூன்று வருடம் முன்பே ஸ்கேன் செய்துவிட்டு அரைத்துத் தள்ளிவிட்டார்கள்.

அந்தக் குடிபெயர்ப்புக்குத்தான் கைதட்டல்.

சின்னவள் தன் மேஜையில் கணவரின் நோயாளி எண்ணைத் தட்டினாள். இன்று காலை எடுத்த ரத்தப் பரிசோதனை வந்தது. இன்று காலை எடுத்த ஸ்கேன் வந்தது. ஒன்பது வருடத்துக்கு முந்தையதைத் தொட்டாள். 'தேடப்படுகிறது' என்று ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிச் சுற்றி நின்றது. திரை வெறுமையாக இருந்தது.

எதிர்ச் சுவரில் இருந்த பெரிய பலகையில் தடம் ஒன்று பச்சை, தடம் இரண்டு பச்சை, கிழக்கு பச்சை, மேற்கு பச்சை, பாலம் பச்சை. இவ்வளவு பச்சையைப் பார்த்து ஒரு மனுஷிக்கு இப்படிக் கோபம் வருமா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

பழைய படங்களைச் சேமித்திருக்கும் சர்வர் அடுக்கு அடித்தள அறையில் இருக்கிறது. அடித்தள அறைக்குப் பொறுப்பாளர் ஒருவர் இருக்கிறார். அவரைக் கூப்பிட்டுக் கேட்டால் ஒரு நிமிட வேலை.

அவள் கூப்பிடவில்லை. அவசரம் என்று குறியிட்டு, அலுவலகப் புகார் மென்பொருளில் ஒரு டிக்கெட் போட்டாள். 'மதிப்பிற்குரிய தரவு மையப் பிரிவுக்கு, ஒரு நோயாளியின் பழைய படங்கள் மேற்கு மண்டலத்தில் திறக்கவில்லை. தங்கள் பக்கம் சரிபார்க்கவும்.'

தரவு மையப் பிரிவு என்பது வேறு யாருமில்லை, அவளுடைய சொந்த அண்ணன், பெரியவன்.

இரண்டு வருடமாக இருவருக்கும் பேச்சு கிடையாது. அம்மா கடைசியாக மூச்சுக் கருவியில் கிடந்தபோது சின்னவள் வெளிநாட்டில் பயிற்சியில் இருந்தாள். நான் வருகிறவரை எதையும் எடுக்காதே என்று அழுது சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினாள். இறங்கியபோது கருவியை எடுத்து ஆறு மணி நேரம் ஆகியிருந்தது. "அம்மாதான் அப்படிச் சொன்னாங்க" என்றான் பெரியவன். "பேசவே முடியாதவங்க எப்படிடா சொன்னாங்க?" என்று கேட்டவள், அதற்குப் பிறகு அவனிடம் வாய் திறக்கவில்லை. அவனும் ரோஷக்காரன். ஒரே நிறுவனத்தில் வேலை, ஒரே திட்டத்தில் இரு முனைகள், ஆனால் தங்கையிடம் ஒரு கம்பி எங்கே போகிறது என்று கேட்க வேண்டுமானாலும் 'மதிப்பிற்குரிய நெட்வொர்க் பிரிவுக்கு' என்றுதான் எழுதுவான். நடுவில் இருப்பவர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள்.

பதினொன்றரைக்குப் பதில் வந்தது. 'எங்கள் பக்கம் அனைத்தும் சரியாக உள்ளன. தங்கள் பக்கம் பார்க்கவும்.'

*

அவள் தன் பக்கம் பார்த்தாள். ஒவ்வொரு தடமாக, ஒவ்வொரு விதியாக. கை தன்பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருந்தது, மனசு அந்த ஊரில் இருந்தது. சர்வேயருக்கு மேல் பட்டன் எப்போதும் சிக்கும், அவள்தான் போட்டுவிடுவாள். இன்று அதைப் போட முயன்றபோதுதான் விழுந்தாரா என்று ஒரு பைத்தியக்கார எண்ணம் வந்து உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுத்தது.

மேற்கு மண்டலத்திலிருந்து ஆய்வகத்தைக் கூப்பிட்டால் பதில் வந்தது. மருந்தகத்தைக் கூப்பிட்டால் வந்தது. பழைய அடுக்கைக் கூப்பிட்டால் மட்டும் சத்தமே இல்லை. கேள்வி தடத்துக்குள் நுழைந்ததற்கான அடையாளம்கூட இல்லை. புறப்பட்ட இடத்திலேயே எங்கோ காணாமல் போனது.

பன்னிரண்டே முக்காலுக்கு மாமியார் மறுபடி கூப்பிட்டார்.

"என்னம்மா ஆச்சு? இங்க நர்ஸ் சொல்றா, போன வாரம் வரைக்கும் எல்லாப் படமும் வந்துச்சாம். சனிக்கிழமை எவனோ எதையோ மாத்திட்டானாம். யாரு அந்தப் படுபாவி? அவன் கையில கொள்ளி வைக்க! நீ அங்கதானே இருக்கே, அவனைப் புடிச்சு நாலு அறை விடேன்!"

பொய் சொல்லிவிடலாம். ஆனால் சர்வேயரைப் பெற்றவளிடம் இன்றைக்கு எந்தப் பொய்யும் வாயில் நிற்காது என்று தோன்றியது.

"நான்தான், அத்தை."

"என்னது?"

"சனிக்கிழமை மாத்தினது நான்தான். எங்க தப்புன்னு தெரியலை. காலையிலேருந்து தேடுறேன். எனக்குத் தெரியலை, அத்தை."

யாரோ தள்ளுவண்டி உருட்டிப் போகும் சத்தம் கேட்டது. திட்டட்டும் என்று சின்னவள் காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள்.

"அப்போ நீதான் சரி பண்ணணும்" என்றார் மாமியார். "தெரியலைன்னா தெரிஞ்சவங்களைக் கேளு. அழுதுட்டு நிக்காதே. நான் இங்க அவன் கையைப் புடிச்சிருக்கேன். அதை நான் பார்த்துக்கறேன்."

தெரிந்தவர்களைக் கேள்.

அண்ணனின் எண்ணை அவள் கைபேசியிலிருந்து அழித்து இரண்டு வருடம் ஆகிறது. விரல்கள் அழிக்கவில்லை. மணி ஒன்று பத்து.

"தரவு மையம்" என்றான் அவன். யார் என்று தெரிந்துகொண்டுதான் அப்படிச் சொன்னான்.

"நான்தான்."

"டிக்கெட்டுக்குப் பதில் போட்டாச்சு."

"பார்த்தேன். அந்த நோயாளி…"

"என் பக்கம் ஒரு குறையும் இல்லை. அடுக்கு ஓடுது, படம் இருக்கு, உங்க பக்கத்துலேருந்து கேள்வியே வரலை. கேள்வி வராம நான் எதுக்குப் பதில் சொல்றது?"

"அண்ணா, சர்வேயருக்கு."

"என்ன சர்வேயருக்கு?"

"அந்த நோயாளி அவர்தான். தலைக்குள்ள மறுபடியும் ரத்தம். பழைய படம் இல்லாம டாக்டரால ஒண்ணும் செய்ய முடியலை. நாலு மணி வரைக்கும்தான்."

அந்தப் பக்கம் ஒரு நாற்காலி விழுந்தது.

"மாப்பிள்ளைக்கா?" அவன் கத்தியே விட்டான். "பத்தே முக்காலுக்கு டிக்கெட் போட்டிருக்கே. ஒரு நோயாளின்னு போட்டிருக்கே! மாப்பிள்ளைன்னு சொல்லக் கூடாதா? ஒரு போன் பண்ணக் கூடாதா? ரெண்டரை மணி நேரம் போச்சேடி!"

"நீ மட்டும் போன் பண்ணினியா? எல்லாம் சரின்னு ரெண்டு வரி எழுதிட்டு உக்காந்துட்டே!"

"நான் எழுதலையா? இந்த அடுக்கைப் பத்தி எழுபத்து மூணு தடவை எழுதிட்டேன்! ஒண்ணையாவது படிச்சியா நீ?"

சின்னவள் பதில் சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நின்றாள்.

எழுபத்து மூன்று தடவை. ஊரில் எல்லோரும் நூறு தடவை சொன்னேன் என்பார்கள், ஆயிரம் தடவை சொன்னேன் என்பார்கள். அம்மா மட்டும் எழுபத்து மூன்று தடவை சொல்லிவிட்டேன் என்பாள். அவர்கள் வளர்ந்த வீட்டின் கதவு எண் அது. பெட்டிப் பூட்டுக்கும் அதுதான் எண், சைக்கிள் பூட்டுக்கும் அதுதான். திருடனுக்கு வசதியாக இருக்கட்டும் என்று வைத்திருக்கிறாயா என்று அப்பா கேலி செய்வார். அந்த வீட்டைத் தவிர வேறு எங்கேயும் யாரும் அப்படிப் பேசிச் சின்னவள் கேட்டதில்லை.

"அண்ணா" என்றாள். குரல் தாழ்ந்துவிட்டது. "பழைய அடுக்குக்கு என்ன நம்பர் குடுத்தே?"

"எதுக்கு?"

"சொல்லு."

"பத்து, எழுபத்து மூணு" என்றான் பெரியவன். பிறகு, கேட்காமலேயே, "அம்மா தவறின மாசம்தான் அந்த அடுக்கைப் புதுசா கட்டினேன்" என்றான்.

சின்னவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"நானும்" என்றாள். "மேற்கு மண்டலம் முழுக்க, பத்து, எழுபத்து மூணு."

*

விஷயம் இவ்வளவுதான். இந்த மாதிரி உள் நெட்வொர்க்குகளில் முகவரியின் முதல் எண் பத்து என்றால், இரண்டாவது எண்ணைப் போடுகிறவர் தன் இஷ்டத்துக்குப் போட்டுக்கொள்ளலாம். இருநூற்றைம்பதுக்கு மேல் எண்கள் கிடக்கின்றன. அடித்தள அறையில் உட்கார்ந்து ஒருவன் தன் அம்மாவை நினைத்து ஒன்றை எடுத்தான். ஆறாவது மாடியில் உட்கார்ந்து ஒருத்தி அதே அம்மாவை நினைத்து அதே எண்ணை எடுத்தாள். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. ஆகவே மேற்கு மண்டலத்தில் இருக்கும் மென்பொருள் எழுபத்து மூன்றாம் வீட்டைத் தேடும்போது, 'அட, நான் இருப்பதே எழுபத்து மூன்றில்தானே' என்று தன் வீட்டுக்குள்ளேயே தேடிவிட்டு, இல்லை என்று உட்கார்ந்துவிடுகிறது. தெருவில் இறங்கவே இல்லை. தடம் பச்சையாகத்தான் இருக்கும், அதில் யாரும் நடக்கவில்லையே!

பெரியவன் சொன்ன டிக்கெட்டைச் சின்னவள் தேடி எடுத்தாள். மூன்று வாரத்துக்கு முந்தையது. 'பழைய படங்கள் உள்ள அடுக்கின் முகவரி பத்து, எழுபத்து மூன்றில் தொடங்குகிறது. மேற்கில் இதே எண் வேறு எதற்கும் தரப்படவில்லை என்பதை உறுதி செய்யவும்.' கீழே: மூடியவர், சின்னவள். குறிப்பு, 'சரி'. திறந்திருந்த நேரம், பதினொரு விநாடி.

அவன் எழுதியது என்பதாலேயே படிக்காமல் மூடியிருக்கிறாள். அந்தப் பதினொரு விநாடியைத் திரும்பக் கொடுத்தால் அவள் தன் எட்டு மாதத்தையும் கொடுத்துவிடுவாள். யாரும் கேட்கவில்லை.

"இப்போ அதைப் பார்த்து மூக்கைச் சிந்தாதே" என்றான் பெரியவன், பார்த்துக்கொண்டிருப்பவன்போல. "படத்தைத் திறக்கிற மென்பொருள் மேற்குலதான் இருக்கு, இங்கேருந்து நான் படிச்சுச் சொல்ல முடியாது. எண்ணை மாத்தவும் நேரம் இல்லை. மாத்தினா ஒரு நாள் ஆகும். என் அடுக்குக்கு வெளியில ஒரு பொய்ப் பேர் வைக்கிறேன். எழுபத்து நாலு. உன் ஆளுங்க எழுபத்து நாலைக் கேட்கட்டும். என் வாசல்ல இருக்கிற ரவுட்டர் அதை எழுபத்து மூணா மாத்தி உள்ளே விடும். நீ எழுபத்து நாலுக்கு வழி போடு, கிழக்கு வழியா."

"போடறேன். ஆனா மேனேஜர்லேருந்து மேல வரைக்கும் கையெழுத்து வேணும். இது எதையும் மாத்தக் கூடாதுன்னு தடை போட்ட வாரம்."

"எத்தனை கையெழுத்து?"

"ஆறு."

"மாப்பிள்ளைக்கு இருக்கிறது ஒரு தலை" என்றான் அவன்.

மேனேஜர் நல்லவர்தான். நல்லவர்களுக்கே உரிய பயம் அவருக்கும் உண்டு. "அந்த ரவுட்டர் வழியா அஞ்சு ஆஸ்பத்திரியும் ஓடுதும்மா, ஒரு வரி தப்பா விழுந்தா இன்னும் எத்தனை பேர் தலையோ" என்றார். அது நியாயமும்கூட. சின்னவள் அவரை நிமிர்ந்து பார்த்து, "சார், நான் உங்களைக் கேட்கலை, சொல்றேன். நாளைக்கு என்னை வேலையை விட்டு அனுப்பிடுங்க" என்றாள். அவர் ஒரு நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, "ஒவ்வொரு வரியையும் சத்தமா படி. நானும் பார்க்கிறேன்" என்றார்.

அப்படியே செய்தார்கள். அவள் ஒரு வரி எழுதிப் படிப்பாள், மேனேஜர் தலையசைப்பார், ஸ்பீக்கரில் பெரியவன் "ம்" என்பான். அங்கே அவன் எழுதும் வரியை அவன் படிப்பான், இவள் "ம்" என்பாள். இரண்டு வருடத்தில் பேசாததை எல்லாம் எண்களாகவே பேசிக்கொண்டார்கள். கிழக்கில் வழி திறந்தது. பாலத்தில் திறந்தது. மூன்று மணி ஐந்து நிமிடத்துக்கு மேற்கிலிருந்து எழுபத்து நான்கைக் கூப்பிட்டாள்.

"வந்துடுச்சு!" என்று கத்தினான் பெரியவன். "கேள்வி வந்துடுச்சு. வாசல்ல பார்க்கிறேன். உள்ளே போயிடுச்சு!"

திரையில் வட்டம் சுற்றியது. சுற்றிச் சுற்றி நின்றது. வெறுமை.

மறுபடி அனுப்பினாள். மறுபடி. அதே வெறுமை.

உயிர் வந்து உயிர் போயிற்று அவளுக்கு. மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அழுக்கே இல்லாத கண்ணாடி. கைபேசியில் மாமியாரின் செய்தி வந்து கிடந்தது. 'கை ஜில்லுன்னு இருக்கு.' அந்த அம்மாளுக்குச் செய்தி தட்டத் தெரியும் என்பதே சின்னவளுக்கு அதுவரை தெரியாது.

"என்னால முடியலைண்ணா" என்றாள். இப்போது அழுதாள், மேனேஜர் இருக்கிறாரே என்றுகூடப் பார்க்காமல். "அம்மாவும் போனா. இவரும் போயிடுவார். ரெண்டு தடவையும் நான் பக்கத்துல இல்லை."

"வாயை மூடு. யோசிக்க விடு."

மூன்று பதினெட்டு. மூன்று இருபது.

"வாலு" என்றான் பெரியவன்.

அம்மா அவளுக்கு வைத்த செல்லப் பெயர். அவள் நிமிர்ந்தாள்.

"அடுக்கு பதில் சொல்லுதுடி. சொல்லிட்டேதான் இருக்கு. ஆனா கேட்டது யாருன்னு பார்க்குது, எழுபத்து மூணுன்னு போட்டிருக்கு. நம்ம வீட்டு ஆள்தானேன்னு இந்த அறைக்குள்ளேயே தேடுது. வாசலுக்கு வரவே இல்லை."

சின்னவளுக்குப் பொட்டில் அடித்தாற்போல் புரிந்தது. காலையில் கேள்வி அந்தப் பக்கம் வீட்டை விட்டு இறங்கவில்லை. இப்போது பதில் இந்தப் பக்கம் இறங்கவில்லை. ஒருவர் மட்டும் பேரை மாற்றிக்கொண்டு வந்தால் போதாது.

"எனக்கும் ஒரு பேர் வை" என்றாள். "என் ஆளுங்க உன் வாசலைத் தாண்டும்போது எழுபத்து அஞ்சுன்னு மாத்து. பதில் எழுபத்து அஞ்சுக்கு வெளியே வரும், வாசல்ல மறுபடியும் எழுபத்து மூணாக்கி என் தடத்துல ஏத்திவிடு."

"வரியை எழுதிப் படி, நான் இங்க போடறேன்."

படித்தாள். ஓரிடத்தில் அவசரத்தில் எழுபத்து ஆறு என்று விழுந்தது. மேனேஜர் விரலை வைத்துக் காட்டினார். திருத்தினாள்.

மூன்று நாற்பத்தொன்று.

வட்டம் சுற்றியது. பாதிச் சுற்றில் நின்றது. கறுப்புத் திரையில் மேலிருந்து கீழாக, வரி வரியாக, ஒரு மண்டையோட்டின் வளைவு இறங்கியது. சர்வேயருடைய தலை. ஒன்பது வருடத்துக்கு முந்தையது, கல்யாணமான ஆறாவது மாதத்துத் தலை. அதன் நடுவே நெல் மணி அளவில் ஒரு வெள்ளைக் கீற்று இருந்தது.

"வந்துடுச்சு" என்றாள். வேறு எதுவும் சொல்ல வரவில்லை. ஸ்பீக்கரில் பெரியவன் மூக்கை உறிஞ்சும் சத்தம் ஐந்து ஆஸ்பத்திரிக்கும் கேட்டிருக்கும்.

டாக்டரைக் கூப்பிட்டபோது அவர் ஏற்கெனவே தன் திரையில் படித்துக்கொண்டிருந்தார். ஆபரேஷன் குறிப்பை முணுமுணுத்துக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நின்றார்.

"பழைய வகைதான். காந்தம் இழுக்கிற வகை."

"டாக்டர்?"

"காந்த ஸ்கேன் அறையைத் தயார் பண்ணச் சொல்லியிருந்தேன். நாலு மணிக்கு உள்ளே தள்ளிடலாம்னு முடிவு பண்ணியிருந்தேன்." அவர் அதற்கு மேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. "இப்போ எந்தக் குழாய்ன்னு தெரியுது. நேரா ஆபரேஷனுக்குக் கொண்டு போறோம். பிழைப்பாரான்னு என்னைக் கேட்காதீங்க. காலையில இருட்டுல இருந்தேன், இப்போ இல்லை. அவ்வளவுதான் சொல்லுவேன்."

மாமியார் ஒரு நிமிடம் பேசினார். "கையை விடச் சொல்லிட்டாங்க. கதவைச் சாத்திட்டாங்க" என்றார். பிறகு, "நீ விமானம் புடி. சாப்பிட்டியா?" என்றார். இரண்டுக்கும் அவள் ஒரே "சரி, அத்தை" சொன்னாள்.

பைக்குள் சார்ஜரைத் திணித்துக்கொண்டே பார்த்தாள். ஸ்பீக்கர் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. பெரியவன் இணைப்பைத் துண்டிக்கவில்லை. அவளும் துண்டிக்கவில்லை.

"கிளம்பு" என்றான் கடைசியில். "மாப்பிள்ளை கண்ணைத் திறந்தா மச்சான் கேட்டான்னு சொல்லு. வாரா வாரம் ஞாயித்துக்கிழமை எனக்குப் போன் பண்ணுவார், தெரியுமா உனக்கு? உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினார்."

அவளுக்குத் தெரியாது. அவள் தலையை ஆட்டினாள், அது ஸ்பீக்கரில் கேட்காது என்பதை மறந்துவிட்டு.

"இன்னொண்ணு" என்றான் பெரியவன். குரல் மாறியிருந்தது. "அம்மாவோட கடைசி ஃபைலும் இதே அடுக்குலதான் இருக்கு. இத்தனை நாள் உங்கிட்ட காட்டலை. காட்டக் கூடாதுன்னு அம்மா… சரி, வாயால எனக்கு வராது. எழுதறேன்."

இணைப்பு அறுந்தது.

லிஃப்ட் கதவு திறந்தபோது அவள் கைபேசி ஒருமுறை அதிர்ந்தது. புதிய டிக்கெட். அனுப்புநர், தரவு மையப் பிரிவு. மதிப்பிற்குரிய என்ற வார்த்தை இல்லை. பொருள் என்ற இடத்தில் 'அம்மா' என்று மட்டும் இருந்தது. கீழே ஓர் இணைப்புக் கோப்பு, அதற்கு மேல் ஒரே வரி.

'வாலு, இதையும் படிக்காமல் மூடிவிடாதே.'